பிராஸ்டேட் மாத்திரை என் மனைவிக்கு எதற்கு?

கேள்வி: என் மனைவிக்கு வயது 34. இடுப்பின் இடது பக்கம் தாங்க முடியாத வலி வந்து ஸ்கேன் எடுத்ததில், சிறுநீர்க் குழாயின் கீழ்ப்பகுதியில் 6 மி.மீ. கல் இருப்பது தெரிந்தது. தினம் ஒரு டாம்சுலோசின் மாத்திரை என நான்கு வாரத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரையுடன் இருந்த தாளில் ‘ஆண்களின் பிராஸ்டேட் வீக்கத்துக்கு’ என்று போட்டிருக்கிறது. மூன்று நாளாக வலியும் இல்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: மாத்திரை மாறிவிடவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் வலி நின்றுவிட்டது என்பதற்காக நிறுத்த வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

பலரும் நினைப்பதுபோல டாம்சுலோசின் கல்லைக் கரைப்பதில்லை. கல்லை அது தொடுவதுகூட இல்லை. அது வேலை செய்வது குழாயில். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் சுமார் 25 செ.மீ. நீளம், உள்ளே சில மில்லிமீட்டர்தான் அகலம். கல் வந்து சிக்கியதும் குழாயின் தசை அதைச் சுற்றி இறுகிக்கொள்கிறது. அந்த இறுக்கத்தை உண்டாக்கும் ஆல்ஃபா ஏற்பிகள் (நரம்பின் கட்டளையை வாங்கித் தசையை இறுகவைக்கும் நுண்ணிய அமைப்புகள்) குழாயின் அடிப்பகுதியில்தான் அதிகம். டாம்சுலோசின் அவற்றைத் தடுத்துக் குழாயைத் தளர வைக்கிறது. பிராஸ்டேட்டிலும் அதே ஏற்பிகள் உண்டு. அதனால்தான் ஒரே மருந்து இரண்டு இடத்திலும் பயன்படுகிறது. கல்லுக்கு இதைத் தருவது தாளில் அச்சாகாத பயன்பாடு என்றாலும், சிறுநீரக மருத்துவர்களிடையே பல ஆண்டுகளாக உள்ள பழக்கம். பெண்களுக்கும் கொடுக்கிறோம். உங்கள் மனைவி கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தாலோ, பாலூட்டிக்கொண்டிருந்தாலோ மட்டும் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

பலன் எவ்வளவு? இதில் மருத்துவ உலகிலேயே விவாதம் இருக்கிறது. 2015-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டாம்சுலோசின், நிஃபெடிபின் என்ற ரத்த அழுத்த மருந்து, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று பிரிவிலும் நூற்றுக்குச் சுமார் 80 பேருக்கு நான்கு வாரத்தில் வேறு சிகிச்சை தேவைப்படவில்லை. அதாவது, சிறிய கற்கள் மருந்து இல்லாமலேயே வெளியேறிவிடுகின்றன. பிறகு சீனாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், குழாயின் கீழ்ப்பகுதியில் இருந்த 5 மி.மீ.க்கு மேற்பட்ட கற்களுக்கு டாம்சுலோசின் உதவியது தெரிந்தது. உங்கள் மனைவியின் கல் அந்த வகைதான். அதனால் இந்த மருந்தை முயன்று பார்ப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். 4 மி.மீ. கல்லாக இருந்திருந்தால் வலி மாத்திரையும் பொறுமையுமே போதும் என்றிருப்பேன். 10 மி.மீ.க்கு மேல் என்றால் மாத்திரையை நம்பி நாளைக் கடத்த விடமாட்டேன்.

முதல் சில நாள் படுக்கையிலிருந்து சட்டென்று எழ வேண்டாம். ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். ஆண்களுக்கு விந்து வெளிவராமல் போகலாம், மருந்தை நிறுத்தினால் சரியாகும். கண்புரை அறுவை சிகிச்சைக்குத் தயாராகும் எவரும் இந்த மருந்து சாப்பிடுவதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வலி வந்தால் டைக்ளோஃபினாக் போன்ற மருந்து நன்றாகக் கேட்கும். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் அதை டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. வலிக்கும் நேரத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் கல் அடித்துக்கொண்டு போய்விடாது, வலிதான் கூடும். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

இனி, நீங்கள் சொன்ன அந்த வலியில்லாத மூன்று நாள். எனக்குக் கவலை தருவது அதுதான். கல் அசையாமல் குழாயை அடைத்து நின்றாலும் வலி அடங்கிவிடும்; சிறுநீரகம் சத்தமில்லாமல் வீங்கிக்கொண்டிருக்கும். ‘வலி போச்சு, கல்லும் போச்சு’ என்று இருந்துவிட்டு, மாதங்கள் கழித்துச் செயலிழந்த சிறுநீரகத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கல் விழுந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஸ்கேனில் உறுதி செய்ய வேண்டும். நான்கு வாரம், அதிகபட்சம் ஆறு வாரம்; அதற்குள் இறங்காவிட்டால் குழாய்க்குள் கருவி செலுத்தி லேசரால் உடைத்து எடுப்பதுதான் பெரும்பாலும் வழி.

குளிர் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் போவது நின்றாலோ, வாந்தியால் எதுவுமே வயிற்றில் தங்காவிட்டாலோ அந்த நேரமே மருத்துவமனைக்குப் போங்கள், நள்ளிரவானாலும். அடைப்புக்குப் பின்னால் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும்.

கல் விழும்வரை சிறுநீரை ஒரு வடிகட்டியில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கல் கிடைத்தால் தூக்கி எறியாமல் சிறு டப்பாவில் போட்டுப் பரிசோதனைக்குக் கொடுங்கள். யூரிக் அமிலக் கல்லாக இருந்தால், பொட்டாசியம் சிட்ரேட் போன்ற மருந்தால் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்து, அடுத்த கல் உருவாவதையே தடுக்க முடியும். உண்மையிலேயே மருந்தால் கரையக்கூடிய கல் அது ஒன்றுதான் என்று ஏறக்குறையச் சொல்லலாம்.