மிதக்கும் கடல் கண்ணிவெடியை வெறும் ரைபிளால் எப்படி அழித்தார்கள்?

இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடி அகற்றும் கப்பல்களில் இருந்த பிரிட்டிஷ் மாலுமிகளின் நினைவுகளில் இது அடிக்கடி வரும் காட்சி. கண்ணிவெடி கடலடியில் கம்பியால் கட்டப்பட்டு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். கப்பல் பின்னால் இழுத்துப் போகும் வடம் அந்தக் கம்பியை அறுத்ததும், கறுத்த இரும்பு உருண்டை குபுக்கென்று மேலே வரும். அப்புறம்தான் ரைபிளுக்கு வேலை.

எல்லாரும் நினைப்பதுபோல அது ஒவ்வொரு முறையும் வெடிப்பதில்லை. உருண்டைக்குள் காற்று இருப்பதால்தான் மிதக்கிறது. தோட்டா தகட்டைத் துளைத்தால் தண்ணீர் புகுந்து சத்தமில்லாமல் மூழ்கிவிடும். உருண்டையின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் பட்டால் கதை வேறு. ஈயக் கொம்புக்குள் ஒரு கண்ணாடிக் குப்பி, அதில் அமிலக் கரைசல். கொம்பு வளைந்தால் குப்பி உடையும், கரைசல் மின்கலத் தகடுகளில் பட்டு மின்சாரம் பிறக்கும், வெடிக்கும். அதனால் தள்ளி நின்றே சுட வேண்டும். ஆடும் தளத்தில் நின்று, அலையில் மறைந்து மறைந்து எழும் உருண்டையைக் குறிபார்ப்பது எவ்வளவு கடினம்! அந்தப் பொறுமையை நான் மனதார மதிக்கிறேன்.

பெரும்பாலும் கையில் இருந்தது லீ என்ஃபீல்டு ரைபிள். 1895-இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த ரைபிள் குடும்பம், பத்துத் தோட்டா பிடிக்கும் பெட்டி, கையால் இழுத்துத் தள்ளும் போல்ட். நம் ஊர்க் காவலர் தோளில் பல காலம் தொங்கிய 'திரீ நாட் திரீ'யும் இதுதான்.