கோலிக்குண்டு தட்டினால் பியானோ விழுமா? வாசகர் கேள்வி, வாத்தியார் பதில்

கே: ‘ஓகே கோ’ இசைக்குழுவின் பாட்டு ஒன்றில் டாமினோ கட்டைகள் சரிவதில் தொடங்கி, கடைசியில் பாடகர்கள் மேல் பெயின்ட் பீய்ச்சியடிப்பதுவரை ஒன்றையொன்று தட்டிக்கொண்டே போகிறது. ஒரே ஷாட் என்கிறார்கள். நிஜமா, கிராபிக்ஸா?

ப: நிஜம்தான். 2010-இல் வந்த ‘திஸ் டூ ஷல் பாஸ்’ பாட்டு அது. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கிடங்கின் இரண்டு தளங்களை எடுத்துக்கொண்டு, சின் லேப்ஸ் என்ற குழுவோடு சேர்ந்து அமைத்தார்கள். ‘ஒரே ஷாட்’ என்பதில் மட்டும் ஒரு சின்னக் கள்ளத்தனம் உண்டு. நடுவில் கேமரா ஒரு திரைச்சீலையைத் தாண்டுமே, அங்கே இரண்டு ஷாட்டுகளை ஒட்டியிருக்கிறார்கள். அடுத்த முறை அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

ஆனால் அதை வைத்து ஏமாற்று வேலை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. ஒன்று தட்ட அடுத்தது நகரும்படி 50 கண்ணிகள் உள்ள சங்கிலி எந்திரம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கண்ணியும் நூற்றுக்கு 95 தடவை சரியாக வேலை செய்கிறது. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? எல்லாம் ஒரே ஓட்டத்தில் சரியாக நடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எட்டைக்கூடத் தொடாது. 99 தடவை சரியாக வேலை செய்தால்கூட 60-தான். அந்தப் பாட்டுக்கு 60-க்கும் மேற்பட்ட டேக் ஆனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறை கெட்ட பிறகும் எல்லாவற்றையும் பழையபடி அடுக்க வேண்டும். உடைந்த டிவிக்குப் பதில் வேறு டிவி, சிந்திய பெயின்டைத் துடைக்க ஆள்.

அதனால் அவர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். டாமினோ, கோலி போன்ற பொடிசுகளை ஆரம்பத்தில் வைத்தார்கள். டிவியை உடைப்பது, பியானோவைத் தள்ளுவது எல்லாம் கடைசிப் பக்கம். சின்னப் பொருள்தான் அடிக்கடி சொதப்பும்; சொதப்பினாலும் ஐந்து நிமிடத்தில் திரும்ப அடுக்கிவிடலாம். பெரிசு அவ்வளவு சுலபத்தில் தவறாது, ஆனால் ஒருமுறை விழுந்தால் அன்றைய பாதி நாள் போச்சு. சின்னதில் தொடங்கிப் பெரிசாக வளர்வது பார்ப்பவருக்குக் கதைபோல இருக்கிறது. அதற்குப் பின்னால் இருப்பது துடைப்பக் கணக்கு.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது பியானோ இல்லை. நடுவே வரிசையாகக் கண்ணாடி டம்ளர்கள் வரும். எந்திரமே அவற்றைத் தட்டிக்கொண்டு போய்ப் பாட்டின் மெட்டை வாசிக்கும். தாளம் தப்பாமல் ஓடும்படி சரிவின் கோணத்தைத் திருத்தித் திருத்தி அமைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

கே: ஒரு சின்ன உருண்டை எப்படி அவ்வளவு பெரிய பொருளைத் தள்ளுகிறது? சக்தி எங்கிருந்து வருகிறது?

ப: உருண்டை தள்ளுவதில்லை. திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு கண்ணியும் தன் சக்தியைத் தானே முன்கூட்டிச் சேமித்து வைத்திருக்கும். எலிப்பொறியின் சுருள்வில், கட்டித் தொங்கவிட்ட எடை, உயரத்தில் நிற்கும் தண்ணீர் வாளி. இதற்கெல்லாம் சக்தி கொடுத்தவர் காலையிலிருந்து குனிந்து நிமிர்ந்து அடுக்கியவர். விழுகிற பொருள் கொக்கியை மட்டும் தட்டிவிட்டுத் தன் கதையை முடித்துக்கொள்ளும்.

டாமினோவிலேயே பார்க்கலாம். நிமிர்த்தி வைத்த ஒரு டாமினோ தன்னைப்போல் ஒன்றரை மடங்கு பெரியதைத் தள்ளிவிடும். 5 மில்லிமீட்டர் உயரத்தில் தொடங்கி ஒன்றரை மடங்காக ஏற்றிக்கொண்டே போங்கள். 13-வது 65 சென்டிமீட்டர். 20-வது 11 மீட்டரைத் தாண்டும். முதல் டாமினோவைச் சுண்டிய விரலுக்கும் 20-வதின் பலத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதை நிமிர்த்தி வைத்த கிரேனைத்தான் கேட்க வேண்டும்!

கே: இதை ‘ரூப் கோல்ட்பெர்க் எந்திரம்’ என்கிறார்களே, அவர் விஞ்ஞானியா?

ப: கார்ட்டூனிஸ்ட். பொறியியல் படித்தவர்தான். சான் பிரான்சிஸ்கோ நகரின் தண்ணீர், சாக்கடைத் துறையில் சில மாதம் வேலை பார்த்தார். பிடிக்காமல் பத்திரிகைக்கு ஓடிவந்து படம் வரைய ஆரம்பித்துவிட்டார். அவர் எந்திரங்கள் காகிதத்தில்தான் ஓடின.

ஒன்று சொல்கிறேன். சாப்பிடும்போது தானாக வாய் துடைத்துவிடும் எந்திரம். சாப்பிடுபவர் சூப்புக் கரண்டியை வாய்க்குத் தூக்குகிறார். கரண்டியில் கட்டிய கயிறு அகப்பையை வெடுக்கென்று இழுக்கிறது. அதிலிருந்த பிஸ்கட் பறக்கிறது. கிளி அதைப் பிடிக்கத் தாவுகிறது. கிளி நின்ற கட்டை சாய்ந்து தானியம் வாளியில் கொட்டுகிறது. வாளியின் கனம் கயிற்றை இழுத்து லைட்டரைப் பற்றவைக்கிறது. அது ராக்கெட் வாணத்தைக் கொளுத்துகிறது. வாணம் அரிவாளை இழுக்க, அரிவாள் ஒரு நூலை அறுக்க, ஊசலில் கட்டிய துணி ஆடி வந்து மோவாயைத் துடைக்கிறது. படத்தில் இருப்பவர் முகத்தில் துளிக்கூட ஆச்சரியம் இருக்காது. நகைச்சுவையே அங்கேதான் என்பேன்.

1931-இலேயே அவர் பெயர் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் ஏறிவிட்டது. 1948-இல் புலிட்சர் பரிசும் கிடைத்தது. ஆனால் அது அரசியல் கார்ட்டூனுக்கு. கிளிக்கும் பிஸ்கட்டுக்கும் இல்லை.

கே: ஒரு கார் விளம்பரத்தில் டயர்கள் மேட்டில் ஏறுகின்றன. அது மட்டும் கிராபிக்ஸ்தானே?

ப: இல்லை. 2003-இல் வந்த ஹோண்டா விளம்பரம், பெயர் ‘காக்’. டயருக்குள் ஒரு பக்கம் மட்டும் எடை வைத்திருக்கிறார்கள். எடை மேல்பக்கம் இருக்கும்படி நிறுத்திவிட்டு லேசாகத் தட்டினால், எடை கீழே இறங்கும் வேகத்தில் டயர் மேட்டில் ஏறும். கூர்ந்து பார்த்தால் அந்த டயர்கள் கொஞ்ச தூரம்தான் ஏறும், அதற்குமேல் முடியாது. இரண்டு நிமிட விளம்பரத்தை இரண்டு துண்டாக எடுத்து நடுவில் கணினியால் ஒட்டினார்கள் என்பது உண்மை.

அதைவிட முக்கியமான படைப்பு 1987-இல் வந்தது. சுவிஸ் கலைஞர்கள் ஃபிஷ்லி, வைஸ் எடுத்த அரைமணி நேரப் படம். பழைய டயர், குப்பைப் பை, நுரை, நெருப்பு, இவைதான் நடிகர்கள். ஹோண்டா விளம்பரம் வந்ததும் எங்கள் யோசனையை எடுத்துக்கொண்டார்கள் என்று இருவரும் கோபப்பட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். விளம்பரம் வழவழவென்று ஓடும். சுவிஸ் படத்தில் ஒரு பொருள் நின்றே போய்விட்டதோ என்று நாம் நினைக்கும்வரை காத்திருந்து அப்புறம்தான் நகரும். எனக்கு அந்தத் தவிப்புதான் பிடிக்கும்.

கே: டாம் அண்டு ஜெரியில்கூட இப்படி வருமே?

ப: வருமே! 1955-இல் வந்த ‘டிசைன்ஸ் ஆன் ஜெரி’. டாம் உட்கார்ந்து எலிப்பொறிக்கு வரைபடம் போடும். ஜெரி அதில் ஒரே ஓர் அளவை மாற்றிவிடும். இரும்புப் பெட்டி யார் தலையில் விழுந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

கே: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் இப்படி ஒன்று செய்ய ஆசைப்படுகிறாள். எங்கிருந்து தொடங்குவது?

ப: முடிவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கடைசியில் மணி அடிக்க வேண்டுமா, பலூன் உடைய வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யட்டும். பிறகு அதைத் தூண்டும் கண்ணி, அதற்கு முந்தியது என்று பின்னோக்கி வரட்டும். ஐந்து கண்ணி போதும். ஒவ்வொன்றையும் தனியாகப் பத்து முறை ஓட்டிப் பார்த்துத் தேறினால்தான் அடுத்ததோடு இணைக்க வேண்டும். நகரக்கூடாத பொருளை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். நகரும் பொருளுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள், மறுபடி அடுக்கும்போது அதே இடத்தில் வைக்கலாம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். டாமினோ வரிசையில் அங்கங்கே இரண்டிரண்டை எடுத்து இடைவெளி விட்டால், கை தவறிப் பட்டாலும் மொத்தமும் சரியாது. போனில் வீடியோ ஓடத் தொடங்கிய பிறகு அந்த இடைவெளிகளை நிரப்பிக்கொள்ளலாம்.