எந்த ஆள் மலிவு?

கேள்வி: அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் ஒரே மாதிரி வேலையைச் சிப்பாய், சிவிலியன் ஊழியர், காண்ட்ராக்ட் ஆள் என்று மூன்று தரப்பும் செய்கிறார்களாமே! எந்த ஆளை வைத்துச் செய்தால் மலிவு? காண்ட்ராக்ட் ஆள்தானே?

பதில்: ‘ஆள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அருமையான சொல், கொஞ்ச நேரம் அதிலேயே நிற்கிறேன். ‘நாலு ஆள் அனுப்பு’ என்றால் மனிதர். ‘நாட்டை ஆள்’ என்றால் ஆட்சி. இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே ஒலி. உங்கள் கேள்விக்குப் பாதி விடை இதற்குள்ளேயே இருக்கிறது. கூலி கொடுத்து ஆள் பிடிக்கக்கூடிய வேலை ஒன்று; ஆள்கிற தரப்பு மட்டுமே செய்யவேண்டிய வேலை இன்னொன்று. எப்போது சுடுவது, யாரோடு ஒப்பந்தம் போடுவது, பொதுப்பணத்தை எதில் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் காண்ட்ராக்ட்காரருக்கு வேலையில்லை, இலவசமாகவே செய்து தருகிறேன் என்று அவர் வந்து நின்றாலும்.

இப்போதெல்லாம் ஆள் என்று யாரும் சொல்வதில்லை, ‘மனிதவளம்’ என்கிறார்கள். அந்தச் சொல்லோடு எனக்குப் பல வருஷத்துச் சண்டை; இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். நீர்வளம், கனிமவளம், மனிதவளம்! முதல் இரண்டையும் தோண்டி எடுக்கலாம், அளந்து விலை பேசலாம். மனிதரையும் அதே வரிசையில் உட்காரவைத்தால் அளந்து விற்கிற புத்தி தானாக வந்துவிடுகிறது. ஆள் என்று சொல்லிப் பாருங்கள். ஆளுக்கு வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு. இருபது வருஷம் ஒரே பாய்லரோடு பழகிய காது உண்டு. சத்தம் லேசாக மாறினாலே அந்தக் காதுக்குத் தெரிந்துவிடும். அந்தக் காதை எந்த டெண்டரில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

சரி, மலிவுக்கு வருகிறேன். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் பகுதியில் 129ஏ என்று இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. மூன்று தரப்பையும் ‘மிகப் பொருத்தமான, சிக்கனமான’ கலவையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது. பொருத்தம் முன்னால், சிக்கனம் பின்னால். பணியை முடிக்கப் போதிய, சரியான ஆள்பலம் இருப்பது செலவைவிட முக்கியம் என்றும் அதே பிரிவில் இருக்கிறது.

கணக்கில் பெரிய ஓட்டை சிப்பாயிடம்தான். ஒரு படைத்தளத் தளபதியை நினைத்துக்கொள்ளுங்கள். சிவிலியன் சம்பளமும் காண்ட்ராக்ட் பில்லும் பெரும்பாலும் அவருடைய பராமரிப்பு நிதியிலிருந்து போகும். சிப்பாயின் சம்பளம் வேறு தலைப்பில், மேலேயிருந்து வருகிறது. ஆக, தளபதி கண்ணுக்குச் சிப்பாய் இலவசம். நிதி வெட்டு வந்தால் ஊழியரைக் குறைத்துவிட்டு, வாயிற்காவலுக்கும் உடற்பயிற்சிக் கூடத்து மேசைக்கும் சிப்பாயை நிறுத்தத் தோன்றும். ‘கடன் வாங்கிய படையாள்’ என்று அவர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2013 நிதி வெட்டின்போது சுமார் 6.5 லட்சம் சிவிலியன் ஊழியர்களைச் சம்பளமில்லாமல் 6 நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அந்த ‘இலவச’ சிப்பாயைப் படையில் சேர்த்த செலவு, பயிற்சி, வீட்டுப்படி, குடும்பத்துக்கு மருத்துவம், கல்வி உதவி, ஓய்வூதியம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். கொஞ்சம் வேறு துறைகளின் பட்ஜெட்டில் ஒளிந்திருக்கும். கூட்டி முடித்தால், சண்டைக்குப் பழக்கிய ஆளை மேசைக்குப் பின்னால் உட்காரவைத்தது எவ்வளவு பெரிய ஊதாரித்தனம் என்று தெரியும்.

அப்புறம் உங்கள் காண்ட்ராக்ட். 1966-ல் ஏ-76 என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அரசு ஊழியரும் தனியாரும் விலை சொல்லிப் போட்டியிட வேண்டும், மலிவாகச் செய்கிறவருக்கு வேலை. வாஷிங்டனில் காயம்பட்ட வீரர்களைக் கவனித்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் பராமரிப்பு வேலைக்கு இந்தப் போட்டி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. முதலில் ஊழியர் தரப்பு ஜெயித்தது, மேல்முறையீட்டில் முடிவு புரண்டது, 2006-ல் ஒப்பந்தம் தனியாருக்குப் போனது. நாற்காலி ஆடுவதைப் பார்த்த ஊழியர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். 300-க்கு மேல் இருந்த பராமரிப்பு ஆட்கள் 2007 பிப்ரவரியில் 60-க்கும் கீழே. அதே மாதம் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ், அங்கே 18-ஆம் எண் கட்டடத்தைப் பற்றி எழுதியது. சுவரில் கறுப்புப் பூஞ்சை. ஷவரில் நின்று அண்ணாந்து பார்த்தால், உளுத்துப்போன ஓட்டை வழியாக மேல்மாடிக் குளியல் தொட்டி தெரிந்தது. போரில் அடிபட்டு வந்தவர் படுத்த இடம் இது. அந்தக் கட்டடத்தின் கேட்டுக்கு எல்லாம் காண்ட்ராக்ட்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். கவனிக்காமல் விட்டது அதற்கு முன்பே. ஆனால் அதைச் சரிசெய்யக்கூடிய கைகள் போட்டி முடிவதற்குள் போய்விட்டன. ராணுவச் செயலாளர் பதவி விலகினார். பாதுகாப்புத் துறையில் புதிதாக ஏ-76 போட்டி நடத்தக்கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பின்னால் நிறுத்தியும் வைத்தது.

உங்கள் ‘தானே?’வுக்கு நேர் பதில்: சிவிலியனையும் காண்ட்ராக்டையும் அந்தத் துறையே ஒப்பிட்டுப் பார்த்தது. 2018-ல் வெளியான முடிவில் எந்தப் பக்கமும் பொதுவாக மலிவு என்று வரவில்லை. வேலையையும் ஊரையும் பொறுத்து மாறியது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், என்னை அதிகம் வருத்தியது அது. ஆப்கானிஸ்தான் விமானப்படையிடம் எம்ஐ-17 என்ற ரஷ்ய ஹெலிகாப்டர்கள் இருந்தன. அவற்றின் பராமரிப்பில் பெரும்பகுதியை ஆப்கானியரே செய்யக் கற்றிருந்தார்கள். அவற்றுக்குப் பதிலாக அமெரிக்கா பிளாக் ஹாக் என்ற தன் ஹெலிகாப்டர்களைக் கொடுத்தது. ஸ்பானர் காண்ட்ராக்ட் ஆட்களின் கைக்குப் போனது. 2021-ல் அமெரிக்கப் படையோடு காண்ட்ராக்ட் ஆட்களும் கிளம்பினார்கள். விமானிகள் இருந்தார்கள், பழுதுபார்க்க ஆளில்லை. ஹெலிகாப்டர்கள் ஒவ்வொன்றாகத் தரையில் நின்றன.