வேனுக்குள் அடுப்பு: குன்னூர் கேஸ் மெக்கானிக்கின் பதில்கள்

(குன்னூரில் 31 ஆண்டுகளாக கேஸ் அடுப்பு, ரெகுலேட்டர், பைப் வேலை பார்த்துவரும் மெக்கானிக், கேம்பர்வேன் (உள்ளேயே சமைத்துத் தூங்க வசதி செய்த வேன்) வைத்திருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

பழைய வேன் ஒன்று வாங்கியிருக்கிறோம். முந்தைய உரிமையாளரே அடுப்பு, பாத்திரத் தொட்டி, இரண்டு படுக்கை எல்லாம் அமைத்திருந்தார். கேஸ் வாசனை எதுவும் வருவதில்லை. டிசம்பரில் குழந்தைகளோடு ஊட்டி போக ஆசை. கிளம்பும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும், அண்ணா?
— வாசகி, கோயம்புத்தூர்

வாசனை வரவில்லை என்று மட்டும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், அம்மா. சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது. தண்ணீர் மாதிரி பள்ளம் தேடிப் போய்ப் படுத்துக்கொள்ளும். வீட்டில் கசிந்தால் வாசற்படி இடுக்கு வழியாகக் கொஞ்சமாவது வெளியேறும். வேனின் தரையோ நாலு பக்கமும் விளிம்பு கட்டிய தட்டு மாதிரி. கேஸ் கட்டிலுக்கு அடியில் சேர்ந்துகொண்டிருக்கும், உங்கள் மூக்கு ஐந்தடி உயரத்தில் இருக்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்துவிட்டாலே பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். வேனுக்குள் பொறிக்கா பஞ்சம்? பிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கினாலே போதும்.

அதனால் முதலில் சிலிண்டர் இருக்கும் அலமாரியைத் திறந்து, குனிந்து, அதன் தரையைப் பாருங்கள். அங்கே வெளியே பார்க்கிற மாதிரி ஒரு துளை இருக்க வேண்டும். கசிகிற கேஸ் கீழே வண்டிக்கு வெளியே விழுந்து போவதற்கான வழி அது. போன வருஷம் என்னிடம் ஒரு வேன் வந்தது. அலமாரி நல்ல தேக்குப் பலகை, வேலை சுத்தம். துளையும் இருந்தது. ஆனால் விரலை விட்டுப் பார்த்தால் மெத்தென்றது. இழுத்தேன், முழ நீளத்துக்கு ஒரு பழைய கம்பளித் துணி வந்தது. ‘மலை ஏறினாலே குளிர்காற்று அது வழியாக வருகிறது என்று நான்தான் அடைத்தேன்’ என்றார் உரிமையாளர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஊட்டிக் குளிரில் யாருக்கும் தோன்றுகிற காரியம்தான். ஆனால் அந்தத் துணியோடுதான் அவர் மூன்று வருஷம் மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறார்.

குளிர்காற்று உள்ளே வந்தால் அலமாரிக்கும் படுக்கைக்கும் நடுவே உள்ள இடுக்கை அடையுங்கள். அலமாரிக் கதவுக்கு ரப்பர் ஒட்டுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. அடியில் உள்ள துளை மட்டும் திறந்தே இருக்கட்டும். அது சைலன்சர் குழாய்க்கு நேர் மேலே இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டியூப். ஆரஞ்சு நிறத்தில், உள்ளே கம்பி வலை வைத்த சுரக்ஷா டியூப்தான் வேண்டும். அதற்கு ஆயுள் ஐந்து வருஷம், தேதி அதன் மேலேயே அச்சடித்திருக்கும். நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது. பச்சை நிறச் சாதாரண ரப்பர் டியூப் இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். சிலிண்டர் கைப்பிடிக்குக் கீழே உள்ள பட்டை ஒன்றில் ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ, பி, சி, டி என்றால் ஆண்டின் நான்கு காலாண்டுகள். பி-28 என்றால் 2028 ஜூனுக்குள் அந்த சிலிண்டர் அடுத்த சோதனைக்குப் போயாக வேண்டும் என்று அர்த்தம். தேதி தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள்.

நான் அதிக நேரம் பார்ப்பது அடுப்புக்குப் போகும் செம்புக் குழாயை. மசினகுடிக்கும் ஊட்டிக்கும் நடுவே உள்ள கல்லட்டி மலைப்பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் உடம்பு முறுக்கிக்கொள்ளும், குழாய் தகரத்தில் உரசும். உரசிய இடம் புதுக்காசு மாதிரி பளபளக்கும். டார்ச் அடித்து அந்தப் பளபளப்பைத் தேடுங்கள். தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும், அரை அடிக்கு ஒரு கிளிப் பிடித்திருக்க வேண்டும்.

பிறகு சோப்பு நுரை. பாத்திரம் கழுவும் சோப்பைக் கெட்டியாகக் கரைத்து, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். கேஸ் திறந்திருக்க வேண்டும், அடுப்பு மூடியிருக்க வேண்டும். உடனே எதுவும் தெரியாது, இரண்டு நிமிஷம் பொறுங்கள். நான் சொன்ன அந்த வேனில் தொட்டிக்கு அடியில் இருந்த எல்போவில் (குழாய் வளையும் இடத்து இணைப்பு) முதலில் கடுகு மாதிரி ஒரு குமிழ் வந்தது. அது பட்டாணி அளவுக்கு ஊதி உடைந்தது. அதே இடத்தில் இன்னொரு கடுகு. பத்து மாசமாக யாருக்கும் வாசனை தெரியாத கசிவு அது. தீக்குச்சி கிழித்துச் சோதிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

நுரைக்கும் சிக்காத கசிவுக்கு மெக்கானிக்கிடம் யூ வடிவக் குழாய் இருக்கும். உள்ளே தண்ணீர் ஊற்றி அடுப்புப் பக்கம் மாட்டி, கேஸைத் திறந்தால் இரண்டு பக்கத் தண்ணீருக்கும் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் வித்தியாசம் நிற்கும். நம் வீட்டு ரெகுலேட்டர் தரும் 30 மில்லிபார் அழுத்தம் அதுதான். கேஸை மூடிவிட்டு, அழுத்தம் ஒரு நிலைக்கு வந்த பிறகு பத்து நிமிஷம் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். மட்டம் இறங்கினால் எங்கேயோ ஓட்டை. இந்தச் சோதனை செய்யாமல் ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். வருஷத்துக்கு ஒரு முறை, மலை ஏறுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

ஓடும்போது சிலிண்டர் நிமிர்ந்து, இரண்டு பட்டையில் கட்டியிருக்க வேண்டும், ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது இதை ஒரு தடவை பார்த்துவிட்டு ஏறுங்கள்.

அதிகாலையில் அடுப்பு சரியாக எரியவில்லை. சிலிண்டரில் பாதிக்கு மேல் கேஸ் இருக்கிறது. வெந்நீர் ஊற்றினால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?
— வாசகர், மதுரை (ஜனவரியில் ஊட்டியில் தங்கியவர்)

வேண்டாம், தம்பி. சிலிண்டருக்குள் இருப்பது புட்டேனும் புரொபேனும் கலந்த திரவம். அது ஆவியாக வேண்டுமென்றால் சுற்றிலும் உள்ள சூட்டை உறிஞ்ச வேண்டும். புரொபேன் மைனஸ் 42 டிகிரியிலும் ஆவியாகும். புட்டேன் பூஜ்யத்தை நெருங்கினாலே மந்தமாகிவிடும். ஊட்டியில் ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்போது, முதலில் ஆவியாகிப் போவது புரொபேன். மிச்சம் புட்டேன் அப்படியே கிடக்கும். சமைத்துக்கொண்டிருக்கும்போது சிலிண்டரின் உடம்பைப் பாருங்கள். திரவம் எவ்வளவு உயரத்துக்கு இருக்கிறதோ அந்த உயரம் வரை பனித்துளி படிந்திருக்கும். கேஸ் அளவு பார்க்க எங்கள் பக்கத்தில் அதுவே அளவுகோல்.

சிலிண்டரைக் குளிர்ந்த தரையிலிருந்து எடுத்துப் பலகை மேல் வையுங்கள். சின்ன பர்னரில் மட்டும் சமையுங்கள். வெயில் வந்ததும் தானாகச் சரியாகும். கொதிநீரோ நெருப்போ எந்தச் சூடும் சிலிண்டருக்குக் காட்டக் கூடாது. கையடக்கமான புட்டேன் டப்பா அடுப்பு வைத்திருந்தால் அது இன்னும் சீக்கிரம் திணறும். அதன் மேல் அடுப்பைத் தாண்டி அகலமான தவா வைத்தால் சூடு திரும்பி டப்பாவையே காய்ச்சிவிடும். அது வெடித்துவிடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுடர் மெல்ல அணைந்துவிடும். ‘கேஸ் வரவில்லை’ என்று திருகை அப்படியே விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவார்கள். எட்டரை மணிக்கு வெயில் அடித்ததும் அழுத்தம் திரும்பும், நெருப்பில்லாமல் கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். சுடர் அணைந்தால் தானாக அடைத்துக்கொள்ளும் வால்வு உள்ள அடுப்பையே வேனுக்கு வாங்குங்கள். பர்னர் பக்கத்தில் தீப்பெட்டிக் குச்சி மாதிரி ஒரு சின்ன உலோகக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் அது அந்த வகை. கொஞ்சம் விலை கூட, ஆனால் வாங்குங்கள்.

ஒருவேளை உள்ளே கேஸ் வாசனை அடித்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இன்ஜின் சாவியையும் திருகாதீர்கள். முதலில் ஆட்களை இறக்குங்கள், கதவுகளைத் திறந்து வையுங்கள், கைக்கு எட்டினால் சிலிண்டரை மூடுங்கள். தள்ளி நின்று 1906-ஐ அழையுங்கள், கேஸ் கசிவுக்கென்றே இரவு பகலாக இயங்கும் எண் அது.

கொடைக்கானலில் வேனில் தூங்கும்போது குளிர் தாங்கவில்லை. அடுப்பைச் சிம்மில் வைத்துக்கொண்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா?
— வாசகர், திண்டுக்கல்

போதாது. இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு வேறு பதில் கிடையாது. எரிகிற எதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது.

நெருப்புக்குக் காற்று போதாதபோது கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை, கண் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும். கொடைக்கானலும் ஊட்டியும் 2,000 மீட்டருக்கு மேல் இருக்கின்றன, இங்கே காற்று சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. கோவையில் நீலமாக எரிந்த அதே அடுப்பு இங்கே மஞ்சளாக எரிவது அதனால்தான். மஞ்சள் சுடரும் பாத்திர அடியில் கரியும் கண்டால் பர்னரின் காற்றுத் துளையைச் சரிசெய்யக் கொடுங்கள்.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் தங்கிய இரண்டு பேர் பார்பிக்யூ கரியை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கி, எழுந்திருக்கவே இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். அங்கே காரணம் ஜெனரேட்டர் புகை. புகை தரைத் துளை வழியாகவும் உள்ளே ஏறும். அதனால்தான் சிலிண்டர் அலமாரியின் துளையைத் திறந்து வையுங்கள் என்று சொல்கிற நானே, ஒயர் போக விட்ட துளை, பழைய போல்ட் துளை என்று படுக்கைப் பக்கத் தரையில் வேறு எந்தத் துளை இருந்தாலும் முழுக்க அடையுங்கள் என்கிறேன். நிறுத்திய வண்டியில் தூங்கிக்கொண்டே இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓட விடாதீர்கள்.

தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. இதுதான் அறிகுறி. இதில்தான் ஆபத்தே இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறி வந்தவருக்கு ‘மலை ஏறிய மயக்கம்’ என்றுதான் தோன்றும், படுத்துக்கொள்வார். வேனில் உள்ள இரண்டு மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், வெளியே வந்ததும் கொஞ்சம் தெளிந்தால், அது வளைவு மயக்கம் இல்லை. எல்லாரும் வெளியே வந்து 108-ஐ அழையுங்கள், புகை என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

இரண்டு அலாரம் வாங்கி மாட்டுங்கள். கேஸ் அலாரம் தரையை ஒட்டி, கார்பன் மோனாக்சைடு அலாரம் தலையணை உயரத்தில். இரண்டையும் மாற்றி மாட்டிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். குளிருக்குக் கம்பளியும் வெந்நீர்ப் பையும்தான். படுக்கப் போகும் முன் தண்ணீரைச் சூடாக்கிப் பையில் ஊற்றிவிட்டு, அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரையும் மூடுங்கள்.

வீட்டு சிலிண்டரையே வேனில் வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், பழனி

கூடாது. 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டுமே என்பது சட்டம். ஏஜென்சியில் அடையாள அட்டை காட்டினால் 5 கிலோ சிலிண்டர் கிடைக்கும். வேனுக்கு அந்த அளவு போதும், கட்டி வைக்கவும் சுலபம்.

என் மகள் இங்கிலாந்தில் பழைய கேம்பர்வேன் வாங்கியிருக்கிறாள். அங்கே யாரிடம் காட்டச் சொல்வது? எனக்குக் கவலையாக இருக்கிறது.
— வாசகி, கூடலூர்

கவலை நியாயம்தான் அம்மா, ஆனால் அங்கே இதற்கு நல்ல ஏற்பாடு இருக்கிறது. கேஸ் சேஃப் ரிஜிஸ்டர் என்ற பதிவேட்டில் உள்ள மெக்கானிக்கிடம் கேஸ் வேலையைக் கொடுப்பதுதான் பாதுகாப்பு. வருஷத்துக்கு ஒரு முறை அவர்களை வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. யூ குழாய்ச் சோதனை, டியூப் தேதி, சுடர், காற்று வழி, அடித் துளை என்று நான் மேலே சொன்னதைத்தான் அவர்களும் பார்ப்பார்கள். கேஸ் மட்டும் நம்மிடம் இருப்பது போல் கலவையாக இருக்காது. புட்டேன் தனி, புரொபேன் தனி. குளிர்காலத்துக்குப் புரொபேன் வாங்கச் சொல்லுங்கள், எதற்கு என்று மேலே மதுரைத் தம்பிக்குச் சொன்னதைப் படித்துக் காட்டுங்கள். 2003-க்கு முந்தைய வண்டியாக இருந்தால் ரெகுலேட்டர் அழுத்தம் வேறாக இருக்கலாம், அதையும் கேட்கச் சொல்லுங்கள்.

வருகிற மெக்கானிக்கிடம் ஒரு அடையாள அட்டை இருக்கும். முன்பக்கம் போட்டோவும் காலாவதித் தேதியும், பின்பக்கம் அவர் எந்தெந்த வேலை செய்யலாம் என்ற பட்டியலும் இருக்கும். வீட்டு பாய்லர் பார்ப்பவருக்கு வேன் வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பின்பக்கத்தில் எல்பிஜி, பொழுதுபோக்கு வாகனம் (கேம்பர்வேன் மாதிரித் தங்கும் வண்டி) இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைக் கொடுக்கச் சொல்லுங்கள். அட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீங்களும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.