கறி, மீன் இல்லாமல் 40-30-30 டயட் இருக்க முடியுமா?

கேள்வி: "எடை 75 கிலோ. முட்டை, பால் உண்டு. கறி, மீன் கிடையாது. இட்லி, சாதத்தை விடாமல் 40-30-30 டயட்டில் எடையைக் குறைக்க முடியுமா?"

முடியும். ஆனால் அந்த விகிதத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள்.

1990களில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் பேரி சியர்ஸ் பிரபலப்படுத்திய 'ஜோன்' டயட்டின் விகிதம் இது: 40 சதவீதம் மாவுச்சத்து, 30 புரதம், 30 கொழுப்பு. இது கலோரியில் வரும் சதவீதம். தட்டை மூன்றாகப் பிரித்து வைப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9. ஒரு நாளைக்கு 1,500 கலோரி என்று வைத்தால் மாவுச்சத்து 150 கிராம், புரதம் 112, கொழுப்பு 50.

கறி, மீன் இல்லாமல் 112 கிராம் புரதத்தைத் தினமும் எட்டுவது கடினம். கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் 90 கிராம் போதும். கொழுப்பு 50 கிராமிலேயே நிற்கட்டும், மாவுச்சத்து 170 வரை போகலாம். எடையைக் குறைப்பது கலோரிப் பற்றாக்குறைதான், அதாவது உடல் செலவழிப்பதைவிடக் குறைவாகச் சாப்பிடுவது. புரதத்தின் வேலை பசியைத் தள்ளிப்போடுவதும், கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையாமல் பார்ப்பதும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுத்தாலோ மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

நம் சமையலில் பெரிய ஏமாற்றம் பருப்பு. 100 கிராம் துவரம்பருப்பில் புரதம் 22 கிராம்தான். மாவுச்சத்து 55க்கு மேல். ஒரு கரண்டி சாம்பாரில் கரைந்திருப்பது 15 கிராம் பருப்பு என்றால் கிடைக்கும் புரதம் 3 கிராம். சாம்பார், ரசம், மோர் என்று மூன்று குழம்பு ஊற்றிச் சாப்பிட்டும் புரதம் சேராதது இதனால்தான்.

ஒரு நாள் இப்படி அமையலாம். காலையில் 2 இட்லி, கெட்டியான சாம்பார், 2 முழு முட்டையோடு 2 வெள்ளைக்கரு: புரதம் 25 கிராமை நெருங்கும். மதியம் 50 கிராம் அரிசிச் சாதம், 30 கிராம் பருப்பில் கூட்டு, 30 கிராம் மீல்மேக்கர், நிறையக் காய், ஒரு சின்னக் கிண்ணம் தயிர். மீல்மேக்கரில் பாதி எடை புரதம் என்பதால் இந்த வேளையில் 30 கிராம் தாண்டும். மாலையில் 40 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவு 50 கிராம் கோதுமை மாவில் சப்பாத்தி, 100 கிராம் பனீர், காய்கறி. எல்லாம் சேர்ந்து 90 வந்துவிடும்.

இதில் சொன்ன எடையெல்லாம் சமைக்காத நிலையில். 50 கிராம் அரிசி வெந்தால் சுமார் 150 கிராம் சாதமாகும். வெந்த சாதத்தை எடை பார்த்துவிட்டு, அதற்குச் சமைக்காத அரிசிக்கான கலோரியைப் போட்டால் கணக்கு மூன்று மடங்கு தவறும். சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும்.

கொழுப்பில் இடம் மிகக் குறைவு. முட்டையில் 10 கிராம், பனீரில் சுமார் 20 (பாக்கெட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்). மிஞ்சுவது நாள் முழுதுக்கும் 4 தேக்கரண்டி எண்ணெய், தாளிப்பும் அதற்குள்தான். பாட்டிலைச் சாய்த்து ஊற்றும் வழக்கம் இருக்கும்வரை எந்த விகிதமும் நிற்காது. தேங்காய்ச் சட்னி வேண்டுமென்ற நாளில் பனீரைப் பாதியாக்கி, இன்னும் 2 வெள்ளைக்கரு சேருங்கள்.

முதல் வாரம் எடை சட்டென்று இறங்கும். மாவுச்சத்து குறையும்போது கிளைகோஜனோடு (உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து) சேர்ந்திருந்த நீரும் வெளியேறுவதால் வரும் இறக்கம் அது. அடுத்த வாரம் வேகம் தணிந்ததும் டயட் வேலை செய்யவில்லை என்று விட்டுவிடாதீர்கள். தினமும் காலையில் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மூன்று வாரம் சராசரி அசையாவிட்டால் 20 கிராம் அரிசியையும் ஒரு தேக்கரண்டி எண்ணெயையும் குறையுங்கள். புரதத்தில் கைவைக்க வேண்டாம்.