ஹைட்ரோ (கரண்ட்) பில் கூடியதற்குக் காரை மாற்றுவதா?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து வின்னிபெக்குக்கு வந்து இது எங்களுக்கு இரண்டாவது குளிர்காலம். வாசலில் இரண்டு கார்கள் நிற்கின்றன. மனைவியின் பழைய கொரோலாவுக்குக் கடன் முடிந்துவிட்டது. என் எஸ்யூவிக்கு இன்னும் 19,000 டொலர் கடன், நான்கு வருடம் பாக்கி, வட்டி 7 வீதம். குளிரில் எஞ்சின் உறையாமலிருக்க, மாலை ஆறு மணிக்கு இரண்டு காரின் ஹீட்டரையும் கரண்ட் பிளக்கில் போட்டால் காலை ஏழுக்குத்தான் கழற்றுவோம். ஜனவரி ஹைட்ரோ பில் ஐம்பது டொலர் கூடிவிட்டது. மனைவியின் அண்ணன், அதாவது ரொறன்ரோவில் இருக்கும் மச்சான், போனிலேயே ஸ்டார்ட் பண்ணும் புதிய வண்டி எடுக்கச் சொல்கிறார். அவருக்குத் தெரிந்தவர் இங்கே ஒரு டீலரிடம் வேலை செய்கிறார். என் எஸ்யூவிக்கு 13,000 தருவார்களாம். கடனில் மிஞ்சும் 6,000 டொலரைப் புதுக் கடனோடு சேர்த்துவிடலாமாம். இரண்டு கிழமைக்கு 348 டொலர், ஏழு வருடம். இப்போது 210 கட்டுகிறேன். போன முறையும் இப்படித்தான் 4,500 டொலரைச் சேர்த்து எடுத்தேன். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். பில் விஷயம் சின்னது, அதை முதலில் முடித்துவிடுவோம்.

கார்களில் எஞ்சினைச் சூடாக்கும் இந்த பிளாக் ஹீட்டர் பெரும்பாலும் 400 முதல் 1,000 வாட் வரை இருக்கும். உங்களுடையவை 600 என்று வைத்துக்கொள்வோம். 13 மணி நேரம், இரண்டு கார், ஆக 15.6 யூனிட். உங்கள் மனிடோபா மாகாணத்தில் யூனிட் கிட்டத்தட்ட 10 சதம். நாளுக்கு ஒன்றரை டொலருக்குச் சற்று மேல், மாதம் 47. உங்கள் ஐம்பது டொலர் போன இடம் இதுதான்.

அதில் முக்கால்வாசி வீண். ஹீட்டர் சூடாக்குவது எஞ்சின் பிளாக்குக்குள் இருக்கும் கூலன்டை. மூன்று, நான்கு மணி நேரத்தில் அது ஏறக்கூடிய அளவுக்குச் சூடேறிவிடும். பிறகு போகிற கரண்ட் எல்லாம் வின்னிபெக்கின் காற்றுக்குத்தான். கனடாவின் இயற்கை வளத்துறை இரண்டு மணி நேரமே போதும் என்கிறது. உங்கள் ஊர் ஜனவரியை நினைத்து நான் மூன்று என்று சொல்கிறேன். குறித்த நேரத்தில் தானாகக் கரண்ட் கொடுக்கும் டைமர் போட்டு மூன்று மணி நேரமாக்கினால் மாதம் 47 என்பது 11 டொலராகும். இரண்டு டைமருக்கும் கொடுத்த காசு ஒரு குளிர்காலத்திலேயே திரும்பிவிடும்.

பில்லைப் பார்த்துப் பயந்து ஹீட்டரையே நிறுத்திவிடாதீர்கள். −20 டிகிரியில் பிளாக் ஹீட்டர் பாவித்தால் எரிபொருள் சிக்கனம் நூற்றுக்குப் பத்து வரை கூடும் என்று சொல்வதும் அதே துறைதான். குளிரில் எஞ்சின் ஒயில் தடித்துப்போகும், பற்றரியும் சோர்ந்துவிடும். இது இரண்டு குளிர்காலம் கண்ட உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ரொறன்ரோக் குளிரை வைத்து யோசிக்கிற மச்சானுக்கு ஒன்று விளங்கவில்லை. போனில் ஸ்டார்ட் பண்ணினாலும் ஸ்டார்ட் ஆவது அதே உறைந்த எஞ்சின்தான். புது வண்டியையும் −30இல் பிளக்கில் போடத்தான் வேண்டும். அப்புறம் அந்த வசதியை வைத்துக்கொண்டு காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிடுவீர்கள். 3 லீட்டர் எஞ்சின் நின்றபடி ஓடினால் பத்து நிமிடத்துக்கு 300 மில்லிலீட்டர் பெற்றோல் குடிக்கும். நாற்பது நிமிடத்துக்கு 1.2 லீட்டர். லீட்டர் 1.40 டொலர் என்றால் நாளுக்கு 1.68. இப்போது இரண்டு காரையும் விடிய விடிய பிளக்கில் போடுவதற்கு ஆகும் செலவைவிட இது கூட. போதாததற்கு, இலவசக் காலம் முடிந்ததும் ஸ்டார்ட் பண்ணும் அந்த போன் செயலிக்கு வருடாவருடம் காசு கேட்கும் கம்பனிகளும் உண்டு. நீங்கள் வாங்கிய காரை நீங்களே ஸ்டார்ட் பண்ணச் சந்தா!

சரி, உண்மையான விஷயத்துக்கு வருவோம். கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி அது: போன முறையும் 4,500 டொலரைச் சேர்த்து எடுத்தேன் என்பது. ஹீட்டரை விடுங்கள், உங்கள் காசை இந்தப் பழக்கம்தான் தின்கிறது. விற்றுவிட்ட முதல் காரின் கடனை இரண்டாவது காரில் கட்டுகிறீர்கள். இப்போது எஸ்யூவியின் விலை கடனைவிட 6,000 குறைவதே பெரும்பாலும் அதனால்தான். அதையும் தூக்கி மூன்றாவதில் போடப் பார்க்கிறீர்கள்.

இரண்டு கிழமைக்கு 348 என்றால் மாதம் ஏறத்தாழ 755. ஏழு வருடத்தில் மொத்தம் 63,000க்கு மேல். 7 வீத வட்டி என்று பார்த்தால் கடன் தொகை 50,000 வருகிறது. அதாவது வண்டி வரியோடு 44,000, பழைய கடன் 6,000. அந்த ஆறாயிரத்துக்கு மட்டும் வட்டியோடு 7,600 டொலர் கட்டி முடிப்பீர்கள், உங்களிடம் இல்லாத ஒரு வண்டிக்காக. டீலர்கள் மாதக் கணக்கை விட்டு இரண்டு கிழமைக் கணக்குச் சொல்வது தொகை சின்னதாகத் தெரியத்தான். 138 டொலர்தானே கூட என்று மச்சான் சொல்லியிருப்பார். மாதத்துக்கு அது 300. குளிர்காலத்தில் மட்டும் வருகிற 47 டொலருக்குத் தப்பிக்க, கோடையிலும் சேர்த்து மாதம் 300!

இன்னொன்று. முதல் நாளே 44,000 வண்டிக்கு 50,000 கடன். ஐஸில் சறுக்கி வண்டி முழுதாகப் போனால், தனியாகக் கூடுதல் காப்புறுதி எடுக்காதவருக்கு அன்றைய சந்தை விலைதான் கிடைக்கும். கடனில் மீதி உங்கள் தலையில். அப்போது நான்காவது காரில் எவ்வளவு சேர்ப்பீர்கள்?

மாதம் 755 உங்களால் கட்ட முடியும் என்று மச்சானும் டீலரும் நம்புகிறார்கள் அல்லவா? அது உண்மையென்றால் அதே 755ஐ இப்போதைய எஸ்யூவிக்குக் கட்டுங்கள். நான்கு வருடக் கடன் 27, 28 மாதத்தில் முடியும், வட்டியிலும் 1,200 டொலர் மட்டில் மிஞ்சும். மேலதிகமாகக் கட்டுவதற்கு அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். கனடாவில் கார்க் கடனுக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. கட்டும்போது அந்தக் காசு அசலில்தான் கழிய வேண்டும் என்று வங்கியிடம் சொல்லிவிடுங்கள். 755 முடியாது, 555தான் முடியும் என்றால், புது வண்டி பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

மச்சானுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கிறீர்கள் போல. மனைவியின் அண்ணன், முகத்தை முறிக்க முடியாது. கடன் முடியட்டும், பிறகு பார்ப்போம் அண்ணா என்று உங்கள் மனைவியே சொல்லட்டும். அவருக்குத் தெரிந்தவரின் கமிஷனுக்கு நீங்கள் பொறுப்பில்லை.

டைமர் வாங்கும்போது வெளியில் பாவிக்கக்கூடியது, மூன்று முள் பிளக், 15 ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். வீட்டுக்குள் விளக்குக்குப் போடும் மெல்லிய வயர் ஹீட்டருக்கு ஆகாது. ஏழு மணிக்குக் கார் எடுப்பதென்றால் நான்கு மணிக்கு வையுங்கள். −15க்கு மேல் இருக்கிற இரவுகளில் பிளக்கே வேண்டாம். முள் சுற்றும் டைமர் என்றால், கரண்ட் போய் வந்த பிறகு நேரத்தைத் திருப்பி வைக்க மறக்காதீர்கள்.