சிங்கப்பூர்: 65% வாக்குக்கு 97% இடங்கள் எப்படி?

கேள்வி, 1984 பொதுத்தேர்தலில் சிங்கப்பூரின் ஆளும் மக்கள் செயல் கட்சி சுமார் 65% வாக்கு வாங்கி 79இல் 77 இடங்களைப் பிடித்தது எப்படி என்பது.

முதல் காரணம், தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி என்ற முறை. எதிர்க்கட்சி வாக்கு தீவு முழுக்கச் சிதறிக் கிடந்தால், 35% இருந்தும் இடம் கிடைக்காது.

ஆனால் பலர் சறுக்குவது வேறு இடத்தில். வாக்கு விகிதம் போட்டி நடந்த தொகுதிகளுக்கு மட்டுமான கணக்கு. 1968இல் பாரிசான் சோசியலிஸ் என்ற இடதுசாரி எதிர்க்கட்சி தேர்தலைப் புறக்கணித்ததால் 58இல் 51 தொகுதிகளில் போட்டியே இல்லை. அந்த ஆண்டு மக்கள் செயல் கட்சி வாங்கிய 86% சொச்சம் வெறும் 7 தொகுதிகளின் வாக்கு! நாட்டின் மனநிலையாக அதைக் காட்டுவது தவறு. எந்த ஆண்டை எடுத்தாலும் போட்டியின்றி வென்ற தொகுதிகளை முதலில் எண்ணுங்கள்.

1968 முதல் 1980 வரை நான்கு பொதுத்தேர்தல்களிலும் எல்லா இடங்களும் மக்கள் செயல் கட்சிக்குத்தான். 1981 ஆன்சன் தொகுதி இடைத்தேர்தலில், யாழ்ப்பாணத்தில் பிறந்த எதிர்க்கட்சி வேட்பாளர் ஜே.பி. ஜெயரத்தினம் வென்று அதை உடைத்தார்.

1988இல் குழுத்தொகுதி வந்தது. அப்போது ஒரே வாக்கில் மூவர் அணி, அதில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவர். சிறுபான்மையினருக்கு இடம் உறுதியானது உண்மை; ஆள்பலம் இல்லாத சிறு கட்சிகளுக்கு அணி திரட்டுவதே பெரும்பாடானதும் உண்மை. எதிர்க்கட்சி முதல் குழுத்தொகுதியை வென்றது 2011இல்தான், அல்ஜூனிட்டில்.